செவலை வளர்த்துக் கொடுத்த குட்டி

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள். ஐப்பசி அடைமழை விட்டபாடில்லை. பால் வாங்கப் போன மகள் தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு, "அம்மா, ஓடைப் பாலத்துக்கு அடியில ஒரு குட்டி கத்திக்கிட்டே கெடக்கு" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு அவளோடு போனேன்.

பொதுவாக நான் குட்டிகளை உடனே தூக்க மாட்டேன். தாய் இரை தேடிப் போயிருக்கும். சில மணி நேரம் வராமல்கூட இருக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல மனதோடு தூக்கி வந்து, உயிரோடு இருக்கிற தாயிடமிருந்து குட்டியைப் பிரித்த கதைகள் எங்கள் பாளையங்கோட்டைத் தெருக்களிலேயே எத்தனையோ உண்டு. இந்த முறை காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. டீக்கடை அண்ணாச்சி பேசாமல் கையைக் காட்டினார். சாலையோரம் தாய் நாய் கிடந்தது. முந்தின இரவே ஏதோ வண்டி அடித்திருக்கிறது. கூடப் பிறந்த இரண்டை ஓடைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டதாம். மிச்சம் இது ஒன்றுதான். சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம், வயிறு மட்டும் உப்பி, உடம்பு பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். செவலைக்கு எட்டு வயது. தெருவில் பிறந்த நாட்டு நாய், இடுப்பு வலி உண்டு, நாளில் முக்கால்வாசி நேரம் கோணிச் சாக்கில் படுத்திருப்பான். ராணி மூன்று வயதுச் சிப்பிப்பாறைக் கலப்பு. ஒல்லியான உடம்பு, நீண்ட கால், அணில் ஓடினால் அடுத்த நொடி மதில்மேல் இருப்பாள். குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்த என்னைப் பார்த்ததும் அத்தை, "ஏளா, போன தடவ பட்டது போதாதா?" என்றார்கள்.

போன தடவை பட்டதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் சந்தையிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்து நேராகக் கூடத்தில் இறக்கி விட்டேன். மூன்றும் ஒரே பாயில் உருண்டன. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நான்காம் நாள் குட்டி வாந்தி எடுத்தது. ஐந்தாம் நாள் ரத்தமாய் வயிற்றுப்போக்கு. அந்த வாடையை ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். ஆறாம் நாள் விடியற்காலை என் மடியிலேயே போய்விட்டது. செவலைக்கும் ராணிக்கும் தடுப்பூசி தவறாமல் போட்டிருந்ததால் அவர்கள் தப்பினார்கள். அந்த வருடம் மட்டும் ஊசியைத் தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

தற்காலிகமாக ஒரு குட்டியை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றால் எல்லாரும் குட்டியைப் பற்றித்தான் கேட்பார்கள். என்ன சாப்பிடுகிறது, ராத்திரி தூங்குகிறதா என்று. எனக்குப் பட்டது வேறு. அந்த வேலையில் பாதிக்கு மேல், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நாய்களைப் பார்த்துக்கொள்வதுதான். குட்டி கேட்காமல் வந்த விருந்தாளி. வீடு அவர்களுடையது.

முதல் ராத்திரி வெறும் சூடுதான் மருந்து. குளிர்ந்து போன குட்டிக்கு அவசரப்பட்டு ஆகாரம் கொடுக்கக் கூடாது. குளிர்ந்த உடம்பில் செரிமானம் நடக்காது, புரையேறினால் ஆபத்து. இரண்டு லிட்டர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துண்டைச் சுற்றி, அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்தேன். மறுபக்கம் வெறுமனே விட்டேன். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து கொள்ள இடம் வேண்டும். ஈறில் விரலால் கொஞ்சம் குளுக்கோஸ் தடவினேன். உடம்பு கதகதப்பாகி, தலையைத் தூக்கி என் விரலைத் தேட ஆரம்பித்த பிறகுதான் சாப்பாடு. பக்கத்து வீட்டு மைனி பசும்பால் கொண்டு வந்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டேன், குட்டிக்குக் கொடுக்கவில்லை. பசும்பால் நிறையக் குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கிவிடும்; ஏற்கெனவே தண்ணீர்ச் சத்து இழந்த உடம்பு அதைத் தாங்காது. குழையக் குழைய வேகவைத்த சோறும், உப்பு போடாமல் வேகவைத்துப் பிசைந்த கோழியும், கூழ் மாதிரி கரைத்து. ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக.

மறுநாள் இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். டாக்டர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, ஐந்து வாரம் இருக்கும் என்றார். எடை 1.2 கிலோ. உப்பிய வயிறு முழுக்கப் புழு. பெரும்பாலான குட்டிகளுக்கு உருளைப்புழு தாயின் வயிற்றிலிருந்தோ பாலிலிருந்தோ வந்துவிடுகிறது. தெருக் குட்டி என்றால் சந்தேகமே வேண்டாம். எடை பார்த்துத்தான் மருந்தின் அளவு. கடையில் கேட்டு வாங்கி நாமாக ஊற்றக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று தேதி குறித்துக் கொடுத்தார். பெண் குட்டி என்பதும் அங்கேதான் எனக்கு உறைத்தது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

காதுக்குள் உண்ணி கொத்துக் கொத்தாய் இருந்தது. "கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவு, எல்லாம் கொட்டிரும்" என்றார் ஒருவர். இதைக் கேட்டுக் குட்டியை இழந்தவர்களை எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நுரையீரலைக் கெடுக்கும். பெரிய நாய்களுக்கு ஊற்றுகிற உண்ணி மருந்திலும் பல, இந்த வயதுக்கு விஷம். சாமணத்தால் ஒவ்வொன்றாக, தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டேன். முதல் நாள் 41 எடுத்தேன். மகள் எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அப்புறம் அந்தப் பதினான்கு நாள். மச்சில் இருக்கும் குளியலறையைக் குட்டிக்கு ஒதுக்கினேன். செவலையும் ராணியும் மாடிப்படி ஏறாதபடி கீழே பலகை. மச்சுக்கென்று தனிச் செருப்பு, ஆணியில் மாட்டிய பழைய நைட்டி, தனிக் கிண்ணம், தனித் துடைப்பம். மேலே போகும்போது நைட்டியை மாட்டுவேன், இறங்கும்போது கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவேன். கீழே இருப்பவர்களுக்குச் சாப்பாடு வைத்து, நடக்கக் கூட்டிப்போய் வந்த பிறகே குட்டியிடம் போவேன். வரிசை முக்கியம்: முதலில் வீட்டு நாய்கள், கடைசியில் புதுக் குட்டி. மாற்றிச் செய்தால் நோயை நாமே காலில் ஒட்டிக்கொண்டு இறங்குவோம்.

பினாயில் ஊற்றிக் கழுவினால் சுத்தம் என்று நாம் நினைக்கிறோம். பார்வோ வைரஸைக் கொல்ல அதை நம்ப முடியாது. கையில் தடவும் சானிடைசரும் அதற்கு உதவாது. அது மாதக் கணக்கில் தரையில் உயிரோடு கிடக்கும். துணி வெளுக்கும் பிளீச்சை ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். அதற்கு முன் அழுக்கை, மலத்தைச் சுத்தமாக அள்ளிச் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது. அந்த நேரம் குட்டியை வேறு இடத்தில் வைத்து, தரை காய்ந்து வாடை போன பிறகு விடுவேன்.

பதினான்கு நாள் ஏன் என்று கேட்பார்கள். பார்வோ உள்ளே இருந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும், சிலதில் இரண்டு வாரம் வரை போகும். ஒவ்வொரு காலையும் கதவைத் திறக்கும்போது என் மூக்குதான் முதலில் உள்ளே போகும், அந்த வாடை இருக்கிறதா என்று. பத்தாம் நாள், நன்றாகச் சாப்பிட்டு எடை ஏறியதும், டாக்டர் முதல் தடுப்பூசி போட்டார். ஒரு ஊசியோடு பாதுகாப்பு வந்துவிடாது. தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையைத் தடுக்கலாம். அதனால்தான் மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்ப, பதினாறு வாரம் ஆகும்வரை போடுகிறார்கள். இதைத் தெரியாமல் ஒரே ஊசியோடு குட்டியைத் தெருவில் விட்டுவிடுபவர்கள் நிறைய.

மூன்றாம் நாள் ஒரு விஷயம் நடந்தது. விளையாட்டில் மகளின் கையைக் குட்டி கடித்துவிட்டது. பால்பல் ஊசி மாதிரி இருக்கும். ஒரு பொட்டு ரத்தம். "குட்டிதானே, அதுக்கு என்ன வெசம்" என்றார்கள் அத்தை. தாயைப் பற்றி எதுவும் தெரியாத, ஊசி போடாத குட்டி. ரேபிஸ் வயது பார்த்து வருவதில்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவி, நேராக அரசு மருத்துவமனை. அன்று முதல் ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். ஒரு பைசா செலவில்லை. நான்கையும் போட்டு முடித்தோம். இந்த ஒன்றில் மட்டும் யார் என்ன சொன்னாலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த நாட்களில் கீழே இருப்பவர்களுக்கு எல்லாமே தெரிந்துதான் இருந்தது. மூக்கை ஏமாற்ற முடியுமா? ராணி பலகைக்கு மேல் தலையை நீட்டி மச்சைப் பார்த்து முனகுவாள். எட்டாம் நாளிலிருந்து, துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றைச் செவலையின் சாக்கில் ஒரு ராத்திரி போட்டு எடுத்து, குட்டியின் பெட்டியில் வைத்தேன். குட்டி அதற்குள் புகுந்து தூங்கியது. பதினான்காம் நாள் முடிந்து, குட்டி சுகமாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, அதன் துண்டு கீழே போனது. செவலை ஒரு நீண்ட மோப்பம் பிடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். ராணி கவ்விக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். இரண்டு பேரும் எப்படி நடந்துகொள்ளப் போகிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

முதல் சந்திப்பு இரு தரப்புக்கும் பொதுவான இடத்தில் நடக்க வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் ஊசி முழுதாகப் போடாத குட்டியைத் தெரு நாய்கள் நடமாடும் காலி மனையில் இறக்க முடியாது. மொட்டைமாடியைப் பிளீச் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். என் நாய்கள் அதிகம் வராத இடம் அது, அதனால் "என் இடம்" என்ற உரிமை குறைவு. ஒரு நேரத்தில் ஒருவர்தான். செவலை முதலில், ஏனென்றால் அவன் நிதானமானவன். கயிறு கட்டியிருந்தேன், ஆனால் தளர்வாக. கயிற்றை இறுக்கிப் பிடித்தால் நம் பயம் அதன் வழியாக நாய்க்குப் போய்ச் சேரும்.

குட்டி வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடி, நேராக அவன் தாடைக்கு அடியில் போய் நின்று முகத்தை நக்கியது. செவலை அசையவில்லை. குட்டியின் பின்பக்கத்தை ஒரு முறை மோந்தான். முகத்தை வேறு பக்கம் திருப்பினான். மெதுவாக நடந்து போய் நிழலில் உட்கார்ந்தான். பார்த்துக்கொண்டிருந்த மகளுக்கு ஏமாற்றம். எனக்கு நிம்மதி. முகத்தைத் திருப்புவது நாய் மொழியில் மரியாதை. சண்டைக்கு வரவில்லை, தள்ளி நில் என்று பொருள். ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டோம். நன்றாகப் போகும்போதே நிறுத்திவிட வேண்டும்.

ராணி வேறு ரகம். முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, விளையாட வா என்றாள். நல்ல அறிகுறிதான். குட்டி ஓடியதும் அவள் கண் மாறியது. சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்று வளர்த்த இனம். சின்ன உருவம் ஒன்று குடுகுடுவென ஓடினால் துரத்துவது அவள் ரத்தத்தில் இருக்கிறது. 18 கிலோ உடம்பு 2 கிலோ உடம்பின்மேல் விளையாட்டாக மோதினாலே எலும்பு முறியும். அதனால் ராணிக்கு வேறு விதி. காலையில் முக்கால் மணி நேரம் வயல் வரப்பில் ஓடிக் களைத்த பிறகுதான் குட்டியைப் பார்ப்பாள். கயிறு இருக்கும். குட்டி ஓட ஆரம்பித்தால் நான் நடுவில் போய் நிற்பேன். குட்டி எங்களோடு இருந்த 46 நாளில் ராணியையும் குட்டியையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடவில்லை. விடக் கூடாத அந்த ஒரு முறை தவிர.

அதற்கு முன் செவலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு மத்தியானம் குட்டி அவன் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவன் முதலில் கொட்டாவி விட்டான். தூக்கத்தில் வருகிற கொட்டாவி வேறு, இது வேறு. பிறகு உதட்டை நாக்கால் ஒரு முறை துழாவினான். பிறகு உடம்பு கல்லாய் நின்றது. குட்டிக்கு எதுவும் புரியவில்லை. பின்னங்காலைக் கடித்தது. தொண்டைக்குள்ளிருந்து உருட்டினாற்போல ஓர் உறுமல், உதடு ஒரு பக்கம் மேலே போய் மஞ்சள் பல் தெரிந்தது. குட்டி அதையும் மதிக்காமல் இன்னொரு கடி கடித்தது. அவ்வளவுதான், அதன் முகத்துக்கு ஒரு விரல்கடை தள்ளிக் காற்றை "டப்" என்று கடித்தான். குட்டி வீல் என்று கத்தி மல்லாந்தது. செவலை அதைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

எழுந்து போய்க் குட்டியைத் தூக்கிக்கொள்ள எனக்குக் கை துடித்தது. உட்கார்ந்தே இருந்தேன். ஒரு நிமிடம் கழித்துக் குட்டி வயிற்றால் ஊர்ந்து, பக்கவாட்டில் போய், அவன் முதுகில் முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் மகளின் விரலை வாயில் வைத்தபோது பல் படவே இல்லை. பத்து நாளாக நாங்கள் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்தியும் படியாதது அது. எட்டு வாரம் வரை கூடப் பிறந்தவைகளோடு கடித்து விளையாடித்தான் ஒரு குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று படிக்கும். அந்த இரண்டையும் ஓடை கொண்டுபோய்விட்டது. அந்தப் பாடத்தைச் செவலை எடுத்தான்.

ராணி விஷயத்தில் நான் தப்புச் செய்தேன். குட்டி அவள் தண்ணீர்ச் சட்டி பக்கம் வந்தபோது இரண்டு மூன்று தடவை உறுமினாள். ஒவ்வொரு தடவையும் அதட்டினேன். "குட்டிகிட்டப் போய் என்ன உறுமல்?" என்று விரலை நீட்டித் திட்டினேன். செவலை உறுமினால் பெரியவன் கண்டிக்கிறான் என்று விட்டேன். ராணி உறுமினால் எனக்குப் பயம். அவள் என்ன கற்றுக்கொண்டாள்? உறுமினால் திட்டு விழும் என்று. உறுமலை விட்டுவிட்டாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பழகிவிட்டாள் என்று.

24ஆம் நாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு எலும்பு. புறவாசல் கதவைச் சாத்திவிட்டு ராணிக்குப் போட்டேன். கதவு முழுதாகச் சாத்தவில்லை. குட்டி நுழைந்து பின்பக்கமாக வந்திருக்கிறது. உறுமல் இல்லை, பல் காட்டல் இல்லை. ஒரே வெட்டு. கத்தல் கேட்டு ஓடினேன். குட்டியின் வலது கண்ணுக்கு மேல் பிளந்து ரத்தம் வழிந்தது. ராணி எலும்பை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். இரண்டு தையல், ஒரு வாரம் மருந்து. டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உறுமல் எச்சரிக்கை மணிம்மா. நீங்க மணியக் கழட்டிட்டீங்க" என்றார். வீடு வரும்வரை அந்தப் பேச்சுதான் மனதில் ஓடியது.

ராணியை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் தன் எலும்பைக் காத்தாள், நாய் செய்கிறதைச் செய்தாள். கதவும் என் பொறுப்பு, உறுமலை அடக்கியதும் என் பொறுப்பு. அன்றிலிருந்து எலும்பு, மெல்லும் பொருள் எதுவும் குட்டி இருக்கும் வீட்டுக்குள் வரவில்லை. மூன்று பேருக்கும் மூன்று இடத்தில் சாப்பாடு: செவலைக்குக் கூடம், ராணிக்குப் புறவாசல், குட்டிக்கு மச்சு. சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். கதவைத் தாழ் போட்டேனா என்று மகள் போய் ஒரு முறை இழுத்துப் பார்ப்பாள். ராணி உறுமினால், "சரிம்மா, பார்த்துட்டேன்" என்று சொல்லிக் குட்டியைத் தூக்கி அப்புறப்படுத்துவேன். மூன்று வாரம் ஆயிற்று அவளுக்கு மறுபடி நம்பிக்கை வர. மறுபடி அவள் உறுமிய நாள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியவர்களுக்கும் அலுக்கும். அதை நாம் கவனிக்க வேண்டும். குட்டி கீழே வர ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் செவலை முன்னங்காலை விடாமல் நக்க ஆரம்பித்தான், சாப்பாட்டைப் பாதியில் விட்டான். ராணிக்கு மலம் இளகியது. குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் தூங்க வேண்டிய ஜீவன். தூங்காத குட்டிதான் வெறி பிடித்த மாதிரி கடித்துத் திரியும். கூடத்து மூலையில் இரும்புக் கட்டிலைச் சாய்த்துக் கம்பிவலை கட்டி அடைப்பு ஒன்று செய்தோம். ஒரு மணி நேரம் வெளியே, இரண்டு மணி நேரம் உள்ளே. அந்த இரண்டு மணி நேரம் வீடு பழையபடி அவர்களுடையது. செவலைக்கு இன்னொரு ஏற்பாடும் செய்தேன்: அத்தையின் கட்டிலுக்கு அடியில் சாக்கை மாற்றிப் போட்டு, முன்னால் பலகை வைத்தேன். அவன் தாண்டுவான், குட்டியால் முடியாது. வேண்டாம் என்றால் போய்விட ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்ததும், காலை நக்குவது நின்றது. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் அவன் இடுப்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ராணிக்கு வரப்பில் ஓடுகிற நேரம். அதில் குட்டிக்குப் பங்கு கிடையாது.

இவ்வளவும் செய்தால் பெரிய நாய்கள் திருப்பித் தருவது கொஞ்சமில்லை. எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், ஒன்றுக்குப் போக, குட்டியைப் புறவாசலுக்குத் தூக்கிப் போவேன். ஒரு வாரத்தில் அது ராணியின் பின்னாலேயே போய், அவள் மோந்த இடத்திலேயே உட்காரப் பழகிவிட்டது. கார்த்திகைக்குத் தெருவில் வெடி போட்டார்கள். குட்டி காதை மடக்கிச் செவலையைப் பார்த்தது. காது கொஞ்சம் மந்தமான செவலை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. குட்டியும் தலையை வைத்துப் படுத்துவிட்டது. மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்கு வாரம் வரை ஒரு குட்டி பார்ப்பதெல்லாம் அதற்கு உலகம் இப்படித்தான் என்று பதிகிறது. மிக்சிச் சத்தம், குக்கர் விசில், சைக்கிள், குடை, கம்பு ஊன்றி நடக்கும் தாத்தா, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன்.

நான் அதற்குப் பேர் வைக்கவில்லை. மகள் ரகசியமாக "பொடிசு" என்று கூப்பிட்டாள்.

வீடு தேடுவதுதான் கஷ்டம். போட்டோவைப் பார்த்து ஆசையாகப் பேசுபவர்கள், பொட்டைக் குட்டி என்றதும் "ஆண் இருந்தா சொல்லுங்க" என்று வைத்துவிடுவார்கள். ஆறாவது மாதத்தை ஒட்டிக் கருத்தடை செய்துவிட்டால் குட்டி போடுமே என்ற கவலையே இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அதற்காகவே ஓடையோரம் எறியப்படும் பெண் குட்டிகளை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது. ஒருவர் தோட்டத்துக் காவலுக்குக் கேட்டார். ராத்திரி எங்கே இருக்கும் என்றேன். மரத்தில் கட்டிப் போடுவோம் என்றார். கொடுக்கவில்லை. கடைசியில் பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, தென்காசிப் பக்கம். பகலில் ஆள் இருக்கும், சுற்றுச்சுவர் உண்டு, முன்பு இருந்த நாயைக் கடைசி வரை பார்த்திருக்கிறார்கள். முதலில் வந்து இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம்தான் அழைத்துப்போனார்கள்.

46ஆம் நாள். எடை 4.3 கிலோ. இரண்டாவது தடுப்பூசி முடிந்திருந்தது. அடுத்த ஊசி, ரேபிஸ் ஊசி, பூச்சி மருந்து எல்லாவற்றுக்கும் தேதி எழுதிய அட்டை, பத்து நாளுக்குப் பழகிய அதே சாப்பாடு, செவலை வாடை அடிக்கும் ஒரு துவைக்காத துண்டு. கருத்தடை செய்ய ஒப்புக்கொண்டு எழுதிய ஒரு தாளும். "அம்மா, வச்சுக்கலாமே" என்று மகள் முந்தின ராத்திரி அழுதாள். நானும் யோசிக்காமல் இல்லை. ஆனால் செவலையின் இடுப்பையும் ராணியின் உறுமலையும் நினைத்தேன். இன்னொன்றை நிரந்தரமாக வைத்தால் அடுத்த குட்டிக்கு மச்சு இருக்காது.

ராணி இரண்டு நாள் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அணிலைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். செவலையின் சாக்கு மறுபடி கூடத்துக்கு வந்தது.

மச்சுக் குளியலறையைக் கழுவிப் பிளீச் போட்டுக் காயவிட்ட அன்றைக்கே டீக்கடை அண்ணாச்சி கூப்பிட்டார், பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு குட்டி இருக்கிறதாம். அதன் தாய் வருகிறதா என்று சாயங்காலம் வரை பார்க்கச் சொன்னேன். தாய் வந்துவிட்டது. வராமல் இருந்தாலும் வேறு யாரையாவதுதான் கேட்டிருப்பேன். ராணிக்கு இன்னும் ஒரு மாதம் வேண்டும்.